குடித்த குளுக்கோஸும் ஏற்றிய குளுக்கோஸும்

காய்ச்சல் கண்டு படுத்தவரைப் பார்க்கப் போனால், நம் ஊரில் முதலில் காதில் விழுவது "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினாங்க" என்ற செய்திதான். அந்த அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது ஐந்து விழுக்காட்டுக் கரைசல் என்றால், அதில் 25 கிராம் குளுக்கோஸ் உண்டு; அது வயிற்றைத் தொடாமல் நேரே இரத்தத்தில் கலக்கிறது. அதே குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடித்தாலும் கடைசியில் இரத்தத்துக்கு வந்து சேர்வது அதே பொருள்தான். ஆயினும், இரண்டு முறையிலும் இரத்தச் சர்க்கரை ஒரே அளவுக்கு ஏறி இறங்கும்படி வேகத்தைச் சரிசெய்து ஏற்றிப் பார்த்தால், வாய்வழியாகப் போன குளுக்கோஸுக்குக் கணையம் இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தச் சர்க்கரை எப்படிக் கட்டுக்குள் நிற்கிறது என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். சர்க்கரை நோய் பற்றிய நம் பேச்சு முழுவதும் கணையத்தையும் இன்சுலினையும் சுற்றியே நடப்பதால், குடலின் பங்கைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் குளுக்கோஸ் குடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். 75 கிராம் பொடியை 300 மில்லி நீரில் கரைத்து, ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வோம். திகட்டும் இனிப்பு, வருபவர்களில் பெரும்பாலோர் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் உண்டா என்று பார்க்க வரும் கர்ப்பிணிகள் என்பதால், பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடுபவர்களும் உண்டு. வாந்தி எடுத்துவிட்டால் சோதனையை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்க வேண்டியதுதான். வெறும் வயிற்றில் வரவேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல், 75 கிராம் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு மாதிரி எடுத்து, சர்க்கரை நூறு மில்லியில் 140 மில்லிகிராமைத் தொடுகிறதா என்று பார்க்கும் எளிய முறை சென்னை மருத்துவர் வீ. சேஷையாவின் முயற்சியால் பரவியது. எடுத்த இரத்தத்தைச் சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் விடுகிறோம். அதில் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். அது இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கும், மணிக்கு ஐந்து முதல் ஏழு விழுக்காடு வரை குறைந்துபோகும். இவ்வளவு கவனத்துக்குப் பிறகு சீட்டில் வருவது சர்க்கரை அளவு மட்டுமே. அந்த இரண்டு மணி நேரத்தில் உள்ளே எந்தெந்த ஹார்மோன் எழுந்தது, எது அடங்கியது என்பதற்குச் சீட்டில் இடமில்லை.

முதலில் அளவைக் கவனிக்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் நூறு மில்லியில் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், மொத்த இரத்தத்திலும் இருக்கும் குளுக்கோஸ் ஐந்தே கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. அதற்குள் 75 கிராம் வந்து இறங்குகிறது. நலமாக உள்ளவருக்கு இரண்டு மணி நேரத்தில் 140க்குக் கீழே வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மறுபக்கம், மூளை மட்டுமே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது; அதற்கு ஒரு மணி நேரம்கூட விடுமுறை கிடையாது. ஆகவே வெள்ளமாக வரும்போது ஒதுக்கிச் சேமிக்கவும், வரத்து நின்றதும் சேமிப்பிலிருந்து அளந்து எடுத்துவிடவும் இரண்டு எதிரெதிர் ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. முதலாவதற்கு இன்சுலின், இரண்டாவதற்கு குளுக்ககான். இரண்டும் கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் பக்கத்துப் பக்கத்துச் செல்களிலிருந்து சுரக்கின்றன. பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1869இல் கண்ட அந்தத் திட்டுகள் பத்து இலட்சம் அளவில் இருந்தாலும், எடையில் கணையத்தின் ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு மேல் இல்லை.

இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் தானாகவே ஒரு சர்க்கரை அளவுமானி என்பது பாடநூல் சொல்லும் செய்தி, அது உண்மையும்கூட. இரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால் செல்லுக்குள் கூடுதலாக நுழைகிறது, அங்கே குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து எரிபாதையில் விடுகிறது, செல்லின் எரிபொருளான ஏடிபி பெருகுகிறது, ஏடிபி பெருகியதும் செல்சவ்விலுள்ள ஒருவகைப் பொட்டாசியம் வாயில் மூடிக்கொள்கிறது, அதனால் மின்னழுத்தம் மாறிக் கால்சியம் வாயில் திறக்கிறது, உள்ளே பாயும் கால்சியம், இன்சுலின் நிறைந்த நுண்பைகளைச் சவ்வோடு சேர்த்து வெளியே கொட்டவைக்கிறது. முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கூர்மையான பீச்சல், பிறகு மெதுவாக நீளும் இரண்டாம் கட்டம் என்று இது இரண்டு கட்டமாக நடக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் முதலில் மங்குவது அந்தத் தொடக்கப் பீச்சல்தான். ஆனால், பீட்டா செல் இரத்தத்தின் அளவை மட்டுமே பார்த்து வேலை செய்வதாயிருந்தால், ஏற்றிய குளுக்கோஸுக்கும் குடித்த குளுக்கோஸுக்கும் அதன் மறுமொழி ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்பதால் இரத்தம் சொல்லாத ஒரு செய்தி வேறெங்கிருந்தோ அதற்குப் போகிறது என்றாகிறது.

குடல் கணையத்தோடு பேசுகிறது என்பது இன்சுலினைக் காட்டிலும் பழைய செய்தி. 1902 ஜனவரியில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, அதற்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அதனுள் நீர்த்த அமிலத்தை விட்டார்கள். நரம்பில்லாத அந்தத் துண்டிலிருந்தும் செய்தி போய்க் கணையம் நீர் சுரந்தது. உடனே குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து வடிகட்டி, நாயின் இரத்தத்தில் செலுத்தினார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. செரிமானச் சுரப்புகளை ஆள்வது நரம்புகளே என்று ரஷ்யாவில் பாவ்லோவ் நிறுவியிருந்த காலத்தில், இரத்தத்தில் பயணம் செய்யும் ஒரு பொருளும் செய்தி சொல்லும் என்று காட்டிய முதல் சோதனை இது. அந்தப் பொருளுக்குச் செக்ரிடின் என்று பெயரிட்டார்கள். அடுத்த நான்காண்டுக்குள், 1906இல், லிவர்பூலில் மூர் என்பவரும் கூட்டாளிகளும், குடல் சவ்வின் சாறு கணையத்தின் செரிமான நீரைத் தூண்டுமானால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் அதன் உட்சுரப்பையும் தூண்டக்கூடும் என்று எண்ணி, அந்தச் சாற்றைச் சர்க்கரை நோயாளிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்து நிலைக்கவில்லை. ஆனால் எண்ணம் மிகச் சரியானது; இன்சுலின் கையில் கிடைப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அப்படி எண்ணியிருக்கிறார்கள் என்பதை இன்று படிக்கும்போது வியப்பாக இருக்கிறது.

1921இல் டொரன்டோவில் பான்டிங், பெஸ்ட் இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்து, 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குச் செலுத்திய பிறகு எல்லார் கண்ணும் கணையத்தின் பக்கம் திரும்பிவிட்டது. பெல்ஜியத்தில் ழான் லா பார் 1932இல் இன்கிரிடின் என்ற பெயரை முன்வைத்து, குடலிலிருந்து இன்சுலினைத் தூண்டும் பொருள் ஒன்று உண்டு என்று எழுதினாலும், அதை மெய்ப்பிக்க வழியில்லை. ஏனென்றால் இரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவே அன்று முடியாது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள படைவீரர் மருத்துவமனையில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அணுக்களைக் கொண்டு இன்சுலினை அளக்கும் முறையை 1960இல் வெளியிட்ட பிறகே அந்தக் கதவு திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில், 1964இல், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெவ்வேறு குழுக்கள் குடித்த குளுக்கோஸையும் ஏற்றிய குளுக்கோஸையும் அருகருகே வைத்துப் பார்த்தன. 1967இல் செயின்ட் லூயிஸில் பெர்லியும் கிப்னிஸும் கணக்கைத் துல்லியமாக்கினார்கள்: சாப்பிட்ட பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்குக் குறையாத பங்கு குடலின் தூண்டுதலால் வருவது. இந்தச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, எவ்வளவு ஏற்றினால் குடித்ததற்குச் சமம் என்ற கணக்கு. நலமாக உள்ளவர் 75 கிராம் குடித்தால் வரும் சர்க்கரை ஏற்றத்தை இரத்தக்குழாய் வழியாக உண்டாக்க, ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கு குளுக்கோஸே போதும். மீதி மூன்றில் இரண்டு பங்கைக் குடலும், அது எழுப்பும் ஹார்மோன்களும், கல்லீரலும் சேர்ந்து சந்தடியில்லாமல் ஒதுக்கிவிடுகின்றன.

அந்த ஹார்மோன்கள் இரண்டு. முதலில் கிடைத்தது ஜிஐபி. கனடாவின் வான்கூவரில் ஜான் பிரவுன் பிரித்தெடுத்தார். 1973இல் அது இன்சுலினைத் தூண்டுவது மனிதரிடம் காட்டப்பட்டது. 42 அமினோ அமிலங்கள் கொண்ட இதைச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலுள்ள கே செல்கள் சுரக்கின்றன. குளுக்கோஸ் வந்துவிட்டது என்று இந்தச் செல்களுக்குத் தெரிவது, சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளிழுக்கும் ஒரு வாயில் வழியாக. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல், அதாவது ஓஆர்எஸ், நம்பியிருப்பதும் இதே வாயிலைத்தான். உறிஞ்சும் வேலையும் உணரும் வேலையும் ஒரே இடத்தில் நடப்பதால், குளுக்கோஸ் வெறுமனே குடலில் கிடந்தால் போதாது, உள்ளே நுழைந்தால்தான் ஹார்மோன் எழும். குடித்த பத்து நிமிடத்துக்குள் இரத்தத்தில் ஜிஐபி உயரத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, இன்று செய்தித்தாள் படிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த ஜிஎல்பி-1. அது வந்த வழி வேடிக்கையானது. மீன்கள் சிலவற்றில் கணையத் திட்டுகள் தனிக் கட்டியாகத் திரண்டிருக்கும் என்பதால், குளுக்ககானின் மரபணுவைத் தேடிய பாஸ்டன் ஆய்வாளர் ஜோயல் ஹேபனரின் குழு தூண்டில்மீனைப் பிடித்துக்கொண்டது. 1982இல் அந்த மரபணுவைப் படித்தபோது, குளுக்ககானுக்கான வரிக்குப் பக்கத்திலேயே அதைப் போன்ற இன்னொரு வரியும் இருந்தது. பாலூட்டிகளில் அத்தகைய வரிகள் இரண்டு இருப்பது மறு ஆண்டில் தெரிந்தது. ஒரே மரபணுவிலிருந்து வரும் நீண்ட புரதத்தை, ஒரே துணியை இரண்டு தையற்காரர்கள் வெவ்வேறாக வெட்டுவதுபோல, கணையத்தின் ஆல்ஃபா செல் ஒருவிதமாக வெட்டிச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககானாக்குகிறது; குடலின் எல் செல் வேறுவிதமாக வெட்டிச் சர்க்கரையை இறக்கும் ஜிஎல்பி-1 ஆக்குகிறது. அந்த வரியில் உண்மையில் வேலை செய்யும் துண்டு எது என்று கணித்து, ஏழாவது அமினோ அமிலத்திலிருந்து தொடங்கும் வடிவத்தைச் செய்து, அது குடலில் இருப்பதையும் எலியின் கணையத்தில் இன்சுலினைத் தூண்டுவதையும் 1986, 1987 ஆண்டுகளில் காட்டியவர்களில் முதன்மையானவர் ஸ்வெத்லானா மோய்சோவ். அவருடைய பெயர் நெடுங்காலம் பரிசுப் பட்டியல்களில் விடுபட்டே வந்தது; 2024இல்தான் ஹேபனர், லோட்டே நுட்சன் ஆகியோருடன் லாஸ்கர் விருது கிடைத்தது. அதே ஆண்டுகளில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹோல்ஸ்ட் வேறு பாதையில் இதே ஹார்மோனுக்கு வந்து சேர்ந்தார். இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் சிலருக்குச் சாப்பிட்ட பிறகு சர்க்கரை இறங்கிப்போகிறதே, குடலிலிருந்து எது அவ்வளவு இன்சுலினை இழுத்துவிடுகிறது என்பது அவர் கேள்வி.

இந்த இரு ஹார்மோன்களின் நேர்த்தி, தாமாக எதையும் தொடங்கிவைப்பதில்லை என்பதில் இருக்கிறது. பீட்டா செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளைப் பெருக்கி, ஏற்கெனவே குளுக்கோஸ் தொடங்கிவைத்த சுரப்பை அவை வலுப்படுத்துகின்றன. இரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டால் அவை இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். 1942இல் பிரான்சின் மோன்பெலியே நகரில், டைபாய்டு காய்ச்சலுக்காகப் புதிய சல்ஃபா மருந்து ஒன்றைக் கொடுத்த ஜான்போன் என்ற மருத்துவர், நோயாளிகளுக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவதைக் கண்டார். அந்தக் குடும்பத்திலிருந்து வந்தவையே இந்த மாத்திரைகள். மேலே சொன்ன பொட்டாசியம் வாயிலை அவை நேரடியாகப் பிடித்து மூடுகின்றன. சர்க்கரை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுக் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தவர் வியர்த்துக் கை நடுங்கிச் சாய்வது இதனால்தான். மலிவும் பயனும் உள்ள மருந்துகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாப்பாட்டு நேரம் தவறாதவர்களுக்கே அவை பொருந்தும் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இது.

சுரந்த இன்சுலின் போகும் வழியும் கவனிக்கத்தக்கது. கணையத்தின் இரத்தமும் குடலின் இரத்தமும் ஒரே போர்ட்டல் சிரையில் கலந்து நேரே கல்லீரலுக்குப் போகின்றன. உறிஞ்சிய குளுக்கோஸும் அதைச் சேமிக்கச் சொல்லும் இன்சுலினும் ஒன்றாகவே வந்து சேர்வதால், கல்லீரல் உடனே குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு வடிவமாக அடுக்கத் தொடங்குகிறது. வந்த இன்சுலினில் ஏறத்தாழ பாதியை அங்கேயே எடுத்துக்கொள்கிறது. தோலுக்கடியில் ஊசியாகப் போடும் இன்சுலினுக்கு இந்த வரிசை தலைகீழ். தசைகளைச் சுற்றிவிட்டுத்தான் கல்லீரலை எட்டுகிறது. கையில் எடுத்த இரத்தத்தில் இன்சுலினை அளந்து கணையத்தின் திறனைச் சொல்ல முடியாமல் போவதும் இதனால். இன்சுலினோடு சம அளவில் வெளிவந்து, கல்லீரலில் சிக்காமல் தப்பும் சி-பெப்டைடைத்தான் ஆய்வகத்தில் அளக்கிறோம்.

அடுத்தது குளுக்ககான். இரத்தச் சர்க்கரை பற்றிய எளிய விளக்கங்களில் பெரும்பாலும் ஒரு வரியோடு கடந்துபோகப்படுவது இது. ஆய்வகத்துக்கு வரும் பெரியவர் ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன். காலையில பச்சத் தண்ணிகூட வாயில வைக்கல. அப்புறம் எப்படி நூத்தி அறுவது காட்டுது? மெஷின்ல கோளாறா?"

"மெஷின் சரியாத்தான் இருக்குங்க ஐயா. ராத்திரி பூரா உங்க கல்லீரலே சர்க்கரைய விட்டுக்கிட்டு இருந்திருக்கு. டாக்டர்கிட்ட இந்த ஃபாஸ்டிங்க மறக்காம காட்டுங்க."

அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் உண்மை அதுதான். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கல்லீரல் இரவில் மணிக்கு ஏழு கிராம் அளவுக்குக் குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது. பாதி பழைய கிளைக்கோஜனை உடைத்தும், பாதி அமினோ அமிலம், லாக்டேட் முதலியவற்றிலிருந்து புதிதாகச் செய்தும். இதைச் செய்யச் சொல்வது குளுக்ககான். தடுத்து அளவோடு நிறுத்துவது இன்சுலின். 29 அமினோ அமிலம் கொண்ட குளுக்ககான் கண்டறியப்பட்டது 1923இல், கணையச் சாறு சர்க்கரையை இறக்கும் முன் சற்று நேரம் ஏற்றுகிறதே என்று கிம்பல், மர்லின் இருவரும் ஆராய்ந்தபோது. அதை நெடுங்காலம் இன்சுலினில் கலந்த அழுக்காகவே பலர் எண்ணினார்கள். டல்லஸில் ராஜர் அங்கர் அதை அளக்கும் முறையைக் கண்டு, சர்க்கரை நோய் என்பது இன்சுலின் குறைவு மட்டுமல்ல, குளுக்ககான் மிகுதியும் சேர்ந்தது என்று பல்லாண்டுக் காலம் வாதாடினார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நலமாக உள்ளவர் சாப்பிட்டால் குளுக்ககான் அடங்கிவிடும்; இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் அது அடங்குவதில்லை, சில வேளைகளில் கூடவும் செய்கிறது. சோறு ஒரு பக்கம் சர்க்கரையாக வந்துகொண்டிருக்க, கல்லீரலும் தன் பங்குக்கு விட்டுக்கொண்டிருக்கும். மெட்ஃபார்மின் மாத்திரை முதன்மையாகக் கல்லீரலின் இந்தச் சுரப்பைக் குறைப்பது. ஜிஎல்பி-1 ஆல்ஃபா செல்லையும் அடக்குகிறது. சர்க்கரை தாழ்ந்தால் அந்த அடக்குதலை விட்டுவிடுகிறது. ஜிஐபியோ நேர்மாறாக, சர்க்கரை தாழ்ந்த நேரத்தில் குளுக்ககானைத் தூக்கிவிடுகிறது.

கணையத்திலேயே இன்னும் இரண்டு பேர் உண்டு. டெல்டா செல்களின் சொமட்டோஸ்டாடின் பக்கத்துச் செல்கள் இரண்டையும் அடக்குவது. பீட்டா செல்லிலிருந்து இன்சுலினோடு சேர்ந்தே வெளிவரும் அமிலின் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்திப் பசியையும் தணிப்பது.

இரைப்பை காலியாகும் வேகத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பு மிகக் குறைவு. குடித்த கரைசல் விரைவாக இறங்கும். கொழுப்பும் புரதமும் கலந்த உணவு மெதுவாக இறங்கும். ஜிஎல்பி-1 வேகஸ் நரம்பு வழியாகவும் மூளை வழியாகவும் இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே குடலுக்குச் சேதி போனதும் மேலிருந்து வரும் வரத்தே குறைகிறது. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு ஒரே உணவை வரிசை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ரொட்டியையும் ஆரஞ்சுச் சாற்றையும் முதலில் கொடுத்த நாளைவிட, கோழிக்கறியும் காய்களும் முதலில் தந்து கால் மணி நேரம் கழித்து ரொட்டி கொடுத்த நாளில், ஒரு மணி நேரச் சர்க்கரை ஏறத்தாழ 37 விழுக்காடு குறைவாக இருந்தது. மிகச் சிறிய ஆய்வுதான். ஆனால் அதே குழு பின்னர் செய்ததில், மாவுச்சத்தைக் கடைசியாகச் சாப்பிட்டபோது ஜிஎல்பி-1 கூடுதலாகச் சுரந்ததும் தெரியவந்தது. நம் பந்தியில் கூட்டும் பொரியலும் சோற்றுக்கு முன்பே இலைக்கு வந்துவிடுகின்றன. நாம்தான் அவற்றைத் தொடாமல் சோறு வரும்வரை காத்திருக்கிறோம்.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் குடித்ததற்கும் ஏற்றியதற்கும் இடையேயான வேறுபாடு பெருமளவு அழிந்துபோகிறது என்பதை மைக்கேல் நௌக்கும் கூட்டாளிகளும் 1986இல் ஜெர்மனியில் காட்டினார்கள். பிறகு நடந்த சோதனைகளில், ஜிஐபியை எவ்வளவு செலுத்தினாலும் அந்த நோயாளிகளின் பீட்டா செல் ஏறத்தாழ அசையவில்லை. ஜிஎல்பி-1 செலுத்தினாலோ அசைந்தது. 1993இல், ஜிஎல்பி-1ஐத் தொடர்ந்து ஏற்றியே வெறும் வயிற்றுச் சர்க்கரையை இயல்புக்குக் கொண்டுவந்தார்கள். மருந்தாக்கத் தடை ஒன்றே ஒன்றுதான்: இயற்கையான ஜிஎல்பி-1 இரத்தத்தில் ஒன்றிரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். டிபிபி-4 என்ற நொதி அதன் முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிவிடுகிறது.

இதற்கு இரண்டு வழிகளில் விடை கண்டார்கள். நறுக்கும் நொதியைத் தடுப்பது ஒரு வழி. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் எல்லாம் அப்படி வந்தவை. 2022 ஜூலையில் இந்தியாவில் சிட்டாகிளிப்டினின் காப்புரிமை முடிந்ததும் உள்நாட்டு நிறுவனங்கள் பல அதைச் செய்யத் தொடங்கி விலை சரிந்தது; அதன்பின் நாங்கள் பார்க்கும் மருந்துச் சீட்டுகளில் அந்தப் பெயர் கூடிக்கொண்டே போகிறது. நறுக்குக்கு எளிதில் சிக்காத ஹார்மோனைச் செய்வது மற்றொரு வழி. யாலோவிடம் பயின்ற ஜான் எங், அதே பிராங்க்ஸ் மருத்துவமனையில், அமெரிக்கத் தென்மேற்குப் பாலைநிலத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் எக்ஸெண்டின்-4 என்ற பொருளை 1992இல் கண்டார். அது ஜிஎல்பி-1ஐப் பாதிக்குமேல் ஒத்திருந்தது. ஆனால் இரண்டாவது இடத்தில் அலனினுக்குப் பதில் கிளைசின் இருந்ததால் நொதியின் கத்தி அதில் இறங்கவில்லை. 2005இல் அது எக்ஸெனடைடு என்ற ஊசியானது. பிறகு கொழுப்பமிலம் ஒன்றை ஒட்டி, இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தோடு தொற்றிக்கொண்டு சுற்றும்படி செய்தார்கள். லிராகுளூட்டைடு நாளுக்கு ஒன்றாகவும், செமாகுளூட்டைடு வாரத்துக்கு ஒன்றாகவும் அப்படியே வந்தன. இந்த ஊசிகள் தரும் அளவு குடல் சாப்பாட்டுக்குப்பின் சற்று நேரம் அனுப்பும் அளவைப் பல மடங்கு தாண்டியது, அதுவும் இரவு பகல் ஓயாமல். ஆகவே இவற்றை "இயற்கை ஹார்மோன்தானே" என்று சொல்லி விற்பதை நான் ஏற்பதில்லை. குமட்டலும் வாந்தியும் மலச்சிக்கலும் வருவதற்கு இந்த ஓயாத தூண்டலே பெரும் காரணம்.

ஜிஐபிக்கு நேர்ந்ததுதான் எனக்கு விளங்காப் புதிராகவே இருக்கிறது. முதலில் கிடைத்த இன்கிரிடின் அது. சர்க்கரை நோயாளிகளிடம் பலிக்கவில்லை என்று ஒதுக்கினார்கள். அதன் ஏற்பி, அதாவது செல்லில் அந்த ஹார்மோன் வந்து பற்றும் புரதம், இல்லாத எலிகள் கொழுப்புணவு தின்றும் பெருக்கவில்லை என்று 2002இல் ஜப்பானில் கண்டபின், அதைத் தூண்டுவதைவிடத் தடுப்பதே நல்லது என்றுகூடப் பலர் எண்ணினார்கள். ஆனால் 2022இல் அமெரிக்காவிலும் 2025 மார்ச்சில் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்த டிர்செபடைடு, ஜிஎல்பி-1 ஏற்பியைவிட ஜிஐபி ஏற்பியையே வலுவாகப் பற்றும் மருந்து. ஒரு மில்லிகிராம் செமாகுளூட்டைடோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனையில், சர்க்கரையை இறக்குவதிலும் எடையைக் குறைப்பதிலும் அது முந்தியது. இதற்கு நேரெதிராக, ஜிஐபி ஏற்பியைத் தடுக்கும் எதிர்ப்புரதத்தோடு ஜிஎல்பி-1 துண்டுகளை இணைத்துச் செய்த மற்றொரு மருந்தும் சோதனைகளில் எடையை நன்றாகவே குறைக்கிறது. ஓயாமல் தூண்டினால் ஏற்பி சோர்ந்துபோய்த் தடுத்ததற்கு ஒப்பாகிவிடுகிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மூளையில் இரண்டும் வெவ்வேறு நரம்புக் கூட்டங்களில் வேலை செய்து ஒரே விளைவுக்கு வருகின்றன என்பது மற்றொரு சாரார் வாதம். இரண்டு கட்சியும் தத்தம் எலிகளோடு இன்னும் களத்தில் நிற்கின்றன.